கூத்திற் பாட்டு: புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் நினைவாகச் சில எண்ணங்கள்

புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் 2003ஆம் ஆண்டு மறைந்தார். திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு வட்டத்தைச் சேர்ந்த புரிசை என்னும் சிற்றூரின் பெயரைத் தமிழகத்திற்கு வெளியேயும் அறியச் செய்த பெருமை அவர் குடும்பத்தைச் சாரும். வீராசாமித் தம்பிரான் முதலாக இராகவத் தம்பிரான், துரைசாமித் தம்பிரான், நடேசத் தம்பிரான் என வாழையடி வாழையாகத் தெருக்கூத்தையே வாழ்வாகக் கொண்ட மரபு அது. அவர் மறைவிற்குப்பின் ஆண்டுதோறும் அவர் நினைவாகப் புரிசையில் கூத்தும் நாடகமும் நிகழ்ந்து வருகின்றன. அவரைப் பற்றி எழுதினோரும் பலர். அவருடைய நடிப்பை வியந்தோர் உளர், ந. முத்துசாமி 1977இல் நிறுவிய கூத்துப்பட்டறையின் நடிகர்க்கு அவர் ஆசானாக இருந்ததை எடுத்துரைத்தோர் உளர். பிரெக்ட்டின் நாடகத்தைக் கூத்தாக்கி ஆடிய துணிவைப் பாராட்டினோர் உளர். இவை யாவும் தக்கனவே. ஆயின் இவற்றையெல்லாம் படித்து முடித்தபின் நமக்கு ஒரு குறை தோன்றிற்று. அவர் பாடினார் என்னும் செய்தி இவற்றுள் ஏறக்குறைய இல்லை. ஒரு வரியில் 'கணீரென்ற குரல்' என்று கூறிவிட்டு, உடனே அடவிற்கும் ஒப்பனைக்கும் கட்டுரையாளர் சென்றுவிடுகின்றனர்.

இஃது எழுதினோர் குற்றம் மட்டும் அன்று. கூத்து நகரத்து அரங்கிற்கு வந்தபோது, அதனைக் கண்டோர் முதலில் கண்ணாற் கண்டனர். கிரீடமும் புஜகட்டையும் மார்ப்பதக்கமும் அணிந்து, முகத்தில் செவ்வண்ணம் பூசி, சுழன்றாடும் உருவம் எவர் கண்ணையும் கவரும். பல்கலைக்கழகத்தாராகிய நாமோ அதனை ஏட்டிற் கண்டோம். பாரதக் கிளைக்கதை எது, வில்லிபுத்தூராரினின்று வேறுபடும் இடம் எது, பாட வேறுபாடு யாது என்று ஆய்ந்தோம். கண்ணும் ஏடும் தத்தம் பங்கைப் பெற்றன. செவிக்குரிய பங்கு மட்டும் எவராலும் கேட்கப்படாது நின்றது. கூத்தன் முதற்கண் பாடகன் என்பதும், அப்பாட்டைத் தனியொருவன் பாட்டாகக் கருதி மதிப்பிடலாகாது என்பதும் நம் கருத்து. இதனை இயன்றவரை விளக்க முயல்வோம்.

சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே அமைதி கூறும். ஆடுவோர் ஒருவர், பாடுவோர் வேறொருவர் என்னும் பகுப்பு அரசவைக் கலைக்கு இயல்பாக இருந்தது. மேற்குக் கடற்கரைப் பகுதிகளில் இன்றும் அப்பகுப்பே நிலவுகிறது. கதகளியில் வேடந்தரித்தவன் வாய் திறப்பதில்லை. பின்னின்று பாடுவோர் பாட, அவன் கையும் கண்ணும் பேசும். கன்னடத்து யட்சகானத்தில் பாட்டுப் பாகவதருடையது, ஆடுவோன் உரையாடுவான். நம் வட தமிழ்நாட்டுக் கூத்தனுக்கோ அச்சலுகை இல்லை. எடை மிகுந்த அணிகளைத் தோளிலும் தலையிலும் தாங்கி, கிறுகிறுவெனச் சுற்றியாடி, நின்ற அந்நொடியிலேயே அவன் அடுத்த அடியை எடுக்க வேண்டும். அவ்வடியும் தாழ்ந்த குரலில் அமைவதன்று. கச்சேரிப் பாடகர் தயங்கும் உச்சத் தானத்தில் தொடங்கி அங்கேயே நெடுநேரம் நிற்பது. ஆர்மோனியத்தின் சுருதியையும் கட்டை என்கிறோம். வேடத்தின் மரவணியையும் கட்டை என்கிறோம். இவ்விரு கட்டைகளையும் ஒருசேரச் சுமப்பவனே கட்டை வேடக்காரன் என்று கூத்தர் நகைச்சுவையாகக் கூறினும் பொருந்தும்.

இச்சுமையை ஒருவன் எவ்வாறு விடியுமளவும் தாங்குகிறான்? இவ்வினாவிற்கு விடையை நாம் நூல்களிற் பெறவில்லை. நாணத்தக்க முறையில் ஒரு முதியவரிடம் பெற்றோம். பல ஆண்டுகளுக்கு முன், ஒரகடத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், கூத்து வாத்தியார் ஒருவரிடம் 'கர்ண மோட்சம்' பாட்டுகளை எழுதிக்கொள்ளச் சென்றோம். அவர் திண்ணையில் அமர்ந்து பாடினார். உடன் அமர்ந்த இருவர் ஒவ்வோரடியையும் வாங்கித் திரும்பத் திரும்பப் பாடினர். எழுதுகோல் பிடித்திருந்த நமக்கு அத்திருப்பல் இடையூறாயிற்று. "பின்பாட்டு வேண்டா, தாங்கள் மட்டும் ஒருமுறை பாடினாற் போதும்" என்று வேண்டினோம். அவர் மறுக்கவில்லை. இரண்டு தரு பாடினார், மூன்றாவதில் நிறுத்தி, "பின்பாட்டு இல்லாம பாடினா, மூச்ச எங்கங்க ஐயா வாங்குறது?" என்றார்.

அன்று அதனைச் சிறு முறையீடாக எண்ணிக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிவைத்தோம். கூத்திசையின் இலக்கணம் முழுவதும் அவ்வொரு வினாவில் அடங்கியிருந்ததை உணர்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின. வேடக்காரன் ஓரடியை முழுக்குரலில் எறிகிறான். பின்பாட்டுக்காரர் அதனைப் பிடித்துக்கொள்கின்றனர். அவர் பாடும் அளவும் அவன் ஆடுகிறான்; ஆட்டத்தின் ஊடே மூச்சு வாங்குகிறான்; அடுத்த அடியை நெஞ்சில் அமைத்துக்கொள்கிறான். எனவே திருப்பல் என்பது சொல் வறுமையன்று. பாடுவோனுக்கு அது மூச்சு. ஆடுவோனுக்கு அது தாளக்களம். கடைசி வரிசையில் பனையோலைத் தடுக்கில் அமர்ந்திருக்கும் கிழவிக்கு, முதன்முறை காற்றிற் போன சொல் இரண்டாம் முறை வந்து சேரும் வழி. முகவீணை அத்திருப்பலின்மீது ஏறி நின்று, குரல் தளரும் இடத்தைக் கேட்போர் உணராதவாறு நிரப்பும். அக்கருவியின் கூர்மை அருகிலிருந்து கேட்பார்க்குச் செவியைக் கீறுவது போலத் தோன்றும். அரைக்கல் தொலைவிலிருந்து கேட்டாலன்றி அதன் இனிமை விளங்காது. நாம் எழுதிக்கொண்டு வந்த பாட்டுகளோ மூச்சறுந்தவை.

இவ்வறிவோடு கண்ணப்பத் தம்பிரானின் கூத்தை நினைவுகூர்வோம். நம் வட்டாரத்து மக்கள் அவரைப் பெயர் சுட்டாது 'புரிசை வாத்தியார்' என்றே குறிப்பிடுவர். கூத்து மரபில் வாத்தியார் என்னும் சொல் நடிப்புக் கற்பிப்பவரை மட்டும் குறிப்பதன்று. அடியெடுத்துக் கொடுப்பவர், மறந்தவனுக்கு நினைவூட்டுபவர், பாட்டின் நடை தளரும்போது தாளத்தை முடுக்குபவர், கதையை நீட்டவும் குறுக்கவும் அதிகாரம் உடையவர் எல்லாம் அவரே. அவர் குழுவின் கூத்தில் நமக்கு என்றும் நிலைத்திருப்பது திரைக்குப் பின்னிருந்து எழும் குரல். இருவர் ஒரு துணியைப் பிடித்து நிற்பர். உள்ளிருப்பவன் உருவம் தெரியாது. கிரீடத்தின் நுனி மட்டும் மேலே அசையும். அந்நிலையில் விருத்தம் தொடங்கும். தாளம் இல்லை, மத்தளம் வாளா இருக்கும், குரலும் ஆர்மோனியமும் முகவீணையும் மட்டுமே. வேடக்காரன் தன்னைத் தானே படர்க்கையில் வைத்துப் புகழ்ந்து பாடுவான். இன்னார் வருகின்றார், இத்தகைய வீரர், இத்தகைய அணியினர் என்று, வருகின்றவனே கூறுவான். கண்ணால் காணுமுன் செவியால் ஒருவனை அறிமுகம் செய்யும் முறை இது. புரிசையார் பிரெக்ட்டிடம் சென்றது புதுமை நாட்டத்தால் என்று பலர் எழுதினர். தன்னைப் படர்க்கையாக்கிப் பாடும் நடிகனுக்கு, பாத்திரத்தினின்று விலகி நிற்கும் நடிப்பைச் சொல்லிய செருமானிய ஆசிரியர் அயலாராகத் தோன்றியிரார் என்பதே நம் துணிபு.

தம்பிரானின் பாட்டில் நாம் உணர்ந்த சிறப்பு இராக விரிவன்று. கூத்தில் முகாரியும் மோகனமும் நாட்டையும் அடாணாவும் வருவதுண்டு. எனினும் அவை இலக்கணத் தூய்மை நோக்கி வருவன அல்ல, சுவை நோக்கி வருவன. அழுகைக்கு முகாரி என்றால், அதன் சாயல் விழுந்தாற் போதும். அவரிடத்து மேம்பட்டு நின்றது சொல்லைப் பிரிக்கும் திறன். உச்சத்தில் பாடுவோர்க்கு மெய்யெழுத்துகள் கரைந்து உயிர் மட்டும் நீளும் இயல்பு உண்டு; கூத்துப் பாட்டில் பொருள் விளங்கவில்லை என்னும் பழிக்குப் பாதிக் காரணம் இதுவே. நல்ல கூத்தர் அடியின் முதற்சொல்லையும் இறுதிச் சொல்லையும் அறுத்துத் தெளிவாக வைத்து, இடைப்பட்டவற்றை நீட்டுவர். பின்பாட்டுக்காரர் அவ்விறுதிச் சொல்லைப் பற்றியே அடியை வாங்குவர். புரிசை மரபில் இக்கட்டுப்பாடு உறுதியாக உண்டு. விருத்தம் முடிந்து தருவிற்கு மாறும் இடத்தில், கடைசிச் சொல்லும் மத்தளத்தின் முதலடியும் ஒன்றன்மேல் ஒன்று விழும். அந்நொடியில் களரியில் அமர்ந்திருப்போர் உடல் நிமிர்வதை நாம் பன்முறை கண்டுள்ளோம்.

புரிசையைப் பற்றிப் பேசப்புகுந்து ஒரகடத்தை இடையே கொணர்ந்தது ஏன் என்று வாசகர் வினவலாம். கூத்து ஓரூரிற் பிறந்து பலவூர்களில் வாழும் கலை. காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி வட்டங்களின் குழுக்களுக்குத் தம் ஊர்க் களரி ஆண்டிற்கு ஓரிரவு; பிற இரவுகள் எல்லாம் பிறர் ஊர்க் களரிகளே. வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்து அழைக்கும் ஊருக்குச் செல்வர். திருப்பெரும்புதூரினின்று வல்லம், ஒரகடம் வழியாக வாலாசாபாத் நோக்கிச் செல்லும் நிலப்பரப்பு ஏரிப்பாசனச் சிற்றூர்கள் நிறைந்தது. திரௌபதியம்மன் கோயில் உள்ள ஊர்களில், அறுவடை முடிந்த வேனிற்காலத்தே பாரத விழா எடுப்பர். பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் கூறுவார். அன்று அவர் சொன்ன பகுதியை இரவில் கூத்தர் ஆடுவர். வில்வளைப்பு, இராசசூயம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என இரவுகள் செல்லும். இறுதி நாட்காலையில் மண்ணால் துரியோதனனைப் பேருருவாகக் கிடத்தி, படுகளம் நிகழ்த்தி, அம்மன் கூந்தல் முடித்து, மாலையில் தீமிதிப்பர். பகலில் ஏடு, இரவில் பாட்டு என்னும் இவ்வமைப்பு நம் கல்வித்துறையார் அறிந்து போற்றத்தக்கது. ஒரு கதையை ஒரு நாளில் இருமுறை, இருவேறு தமிழில் ஊர் முழுதும் கேட்டது.

நம் இளமையின் வேனில் இரவுகள் இக்களரிகளில் கழிந்தன. கட்டியக்காரன் வரும்வரை விழித்திருந்து, அவன் நகைச்சுவைக்குச் சிரித்து, உறங்கிப்போய், முகவீணையின் ஒலிகேட்டு விழிப்போம். விழித்தபோது எவ்வேடம் ஆடுகிறது என்பதைக் கண் திறவாமலே பாட்டின் நடையால் அறிந்துவிடும் முதியோர் அருகில் இருந்தனர். "பொன்னுருவி வந்துட்டா" என்று ஒரு பாட்டி சொல்ல, கண் திறந்து பார்த்தால் கர்ணன் மனைவி களரியில் நிற்பாள். அவ்வாறு கேட்கவல்ல செவிகள் இருந்தமையாலேயே அவ்வாறு பாடவல்ல குரல்களும் இருந்தன. பாடகனைப் பற்றி எழுதுவோர் கேட்போரைப் பற்றியும் எழுதுதல் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். 'கர்ண மோட்சம்' இவ்வட்டாரத்தில் இறந்தோர் கருமாதியிலும் ஆடப்பெறும். தந்தையை இழந்த வீட்டார் அதனைக் கேட்கும் செவி வேறு. கட்டணம் கொடுத்து அரங்கில் அமர்வோர் செவி வேறு.

1998ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்துகள் உருவாகத் தொடங்கின. 2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை திறக்கப்பட்டது; 2014இல் அது மூடப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை தொடங்கிற்று. களரி நின்ற ஊர்ப்பொதுவிடங்கள் சில சாலைக்குள் சென்றன. வேறு சில, வெளியூர்த் தொழிலாளர் தங்கும் மாடிகளால் நாற்புறமும் சூழப்பட்டன. ஆலைகள் வந்து கூத்தை அழித்தன என்று ஒரு வரியில் எழுதி முடிப்பது எளிது. நாம் கண்டது அவ்வளவு எளியதன்று. சம்பளம் பெறும் இளைஞர் வந்தபின் விழாச்செலவுக்குப் பணம் பெருகிற்று. முன்னே மூன்றிரவு கூத்து வைத்த ஊர் பத்திரவு வைத்தது. குறைந்தது பணமன்று, இரவு. கூத்தின் இரவு ஒன்பது பத்து மணிக்குத் தொடங்கிப் பொழுது புலர்ந்து முடிவது. ஆலையின் நாளோ மூன்று முறைகளாகப் பகுக்கப்பட்டது. இரண்டாம் முறை முடித்தவர் நள்ளிரவு கடந்து, நிறுவனப் பேருந்தினின்று இறங்கிச் சீருடையோடு களரிக்கு வருவர். முதல் முறைக்குச் செல்பவர் விடியுமுன் எழுந்து சாலைக்குப் போய்விடுவர். கர்ணன் வீழும் வேளையில் பேருந்து வந்து நிற்கும். தொடக்கத்தைக் கேட்டவர் முடிவைக் கேளார். முடிவைக் கேட்டவர் தொடக்கத்தை அறியார். முழு இரவையும் கேட்டவர் முதியோரும், அன்று விடுமுறை பெற்ற சிலருமே.

ஆயினும் கூத்துப் பாட்டை ஆழமாக மாற்றியது ஆலையன்று. மைக் எனப்படும் ஒலிவாங்கி. இஃது ஒரகடத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று; ஆலைகளுக்கும் பல ஆண்டுகள் முற்பட்டது. களரியின் நடுவே மேலிருந்து ஒலிவாங்கிகளைத் தொங்கவிட்டபோது ஊரார் மகிழ்ந்தனர், கூத்தரும் மகிழ்ந்தனர். பின்னர் நேர்ந்தது யாது? எறிந்து பாடத் தேவை இல்லாத இடத்தில் எறிந்து பாடும் குரல் ஒலிபெருக்கியிற் பிளந்து ஒலித்தது. ஒலிவாங்கியின் கீழ் நின்றால்தான் குரல் கேட்கும் ஆதலின், வேடக்காரன் அவ்விடத்தை விட்டு அகலான். களரி முழுதும் சுற்றியாடியவன் நாற்சாண் இடத்தில் ஆடலானான். பின்பாட்டுக்காரர் ஆர்மோனியத்தருகே மற்றோர் ஒலிவாங்கியைப் பெற்றனர். அதனை இயக்குபவன் இசையறியாதவன் ஆயின் பின்பாட்டு முன்பாட்டை விழுங்கும், அல்லது அறவே மறையும். எறிதலும் பிடித்தலுமாக இருந்த உறவு, இரு தனிக்குரல்கள் அடுத்தடுத்து ஒலிப்பதாயிற்று. இளைஞர் திரைப்படப் பாட்டின் மெட்டைக் கூத்திற் புகுத்துகின்றனர் என்று வருந்துவோர் பலர். மெட்டு எங்கிருந்து வந்தால் என்ன? சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடக மெட்டுகளும் இசைத்தட்டு மெட்டுகளும் முன்னரே கூத்தில் நுழைந்து தமக்கென இடம் பெற்றவையே. மெட்டு மாறியும் பாடும் முறை மாறாதிருந்தது. இப்போது மெட்டு மாறாவிடத்தும் முறை மாறிவிட்டது. இவ்வேறுபாட்டை உணராமல் எழுதப்படும் இரங்கல்களால் பயனில்லை.

இதன்மேல் மற்றொன்று வந்து சேர்ந்தது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகள் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. விழா நாட்களில், ஆண்டிற்குப் பதினைந்து நாளுக்கு மேற்படாமல், நள்ளிரவு வரை நீட்டிக்க மாநில அரசுக்கு இடமுண்டு. விதி நியாயமானதே, உறங்கி எழுந்து ஆலைக்குச் செல்ல வேண்டியவர் நிறைந்த ஊர்களில் அதன் நியாயம் இன்னும் மிகுதி. பல ஊர்களில் இன்றும் கூத்து விடியுமளவும் நடைபெறுகிறது. சில ஊர்களில் பன்னிரண்டு அல்லது ஒரு மணிக்கு மங்களம் பாடிவிடுகின்றனர். நாம் சுட்ட விரும்பும் முரண் இது: விதி தடுப்பது ஒலிபெருக்கியை, நின்றுபோவது கூத்து. ஒலிபெருக்கியின்றிப் பாடுவதற்கென்றே அமைந்த ஒரு கலை, அதனையின்றிப் பாடும் ஆற்றலை இழந்தமையால், அதற்கிட்ட தடையைத் தன் தடையாக ஏற்றுக்கொண்டது. தம்பிரான் தலைமுறையினர் பயின்ற குரலை நாம் பெரிதும் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம். அது பழமையின் அழகுப்பொருள் அன்று. இருந்தால் பயன்படும் ஆற்றல்.

கூத்துப் பாட்டை இசையென ஒப்பாதாரும் உளர். கச்சேரி இசையிற் பழகிய நண்பர் ஒருவர் நம்மோடு ஓரிரவு இருந்துவிட்டு, "கத்துகிறார்கள்" என்றார். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. இரவு மூன்று மணியளவில் தொண்டை கட்டிய வேடக்காரன் பாடுவதைக் கேட்பது சில வேளைகளில் துன்பமே. ஒரே கதியில் நெடுநேரம் செல்லும் தருக்களில் சலிப்பும் தோன்றும். வடமொழிச் சொற்களை உருத்தெரியாமற் சிதைக்கும் குழுக்கள் உண்டு. கட்டியக்காரன் பேச்சுக்கு இடம் கொடுக்கப் பாட்டைக் குறைக்கும் குழுக்களும் உண்டு. இவற்றையெல்லாம் நாட்டுப்புறக் கலை என்னும் பெயரால் மன்னித்து எழுதுவது மதிப்பன்று, ஒருவகை இகழ்ச்சியே. கூத்தருள் நல்ல பாடகரும் குறைந்த பாடகரும் உண்டென்பதை அவ்வூர் மக்கள் தயங்காமல் உரைப்பர். எழுதும் நாம்தாம் தயங்குகிறோம். ஆயின் நண்பர் ஒன்றை மறந்தார். அவர் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். இக்குரல் முதல் வரிசைக்காகப் பாடப்படுவதன்று. மறுநாள் இரவு அவரை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று அமர்த்தினோம். அவர் தம் சொல்லைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

நம் துறையார் செய்ததும் செய்யத் தவறியதும் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். இரத்தின நாயகர் முதலிய பதிப்பாளர் பெரிய எழுத்தில் அச்சிட்ட கூத்துப் பனுவல்களை நாம் சேர்த்தோம். கையெழுத்துச் சுவடிகளைப் படியெடுத்தோம். ரிச்சர்ட் பிராஸ்கா என்னும் அமெரிக்கர் 1990இலும், ஹன்னே டி புருயின் என்னும் டச்சு ஆய்வாளர் 1999இலும் இக்கலைபற்றி விரிவான நூல்களை வெளியிட்டனர். பின்னவரும் கூத்தாசிரியர் பெ. இராசகோபாலும் காஞ்சிபுரத்தை அடுத்து நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் வேடங்கட்டிப் பாடப் பயின்றனர். ஆணின் உச்சக் குரலென நாம் எண்ணியிருந்த தானத்தில் அவர்கள் எளிதாக நின்றனர். இக்கலையைத் தெருக்கூத்து என்பதா, கட்டைக்கூத்து என்பதா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. காஞ்சியார் பின்னதைக் கொண்டனர். புரிசையார் முன்னதை விடவில்லை. இருசாரார்க்கும் காரணம் உண்டு; நாம் இதனுட் புகவில்லை. தமிழ்த்துறைகளின் ஆவணக் காப்பகங்களில் வேண்டுவது பின்பாட்டோடு கூடிய முழு இரவுகளின் பதிவு. இரண்டு மணியளவிற்குச் சுருக்கிய அரங்கக் கூத்தின் பதிவுகளால் இக்குறை தீராது. ஏனெனில் அவற்றில் எவர்க்கும் மூச்சு வாங்க வேண்டிய தேவையே எழுவதில்லை. கண்ணப்பத் தம்பிரானுடன் பின்பாட்டுப் பாடியோர் பெயர்களைத் தொகுக்க வேண்டும் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. அவர் பெயரோடு அப்பெயர்களும் சேர்ந்தால்தான் 'தம்பிரானின் பாட்டு' என்னும் தொடர் பொருள்படும்.

சில ஆண்டுகளுக்கு முன் வல்லக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கர்ண மோட்சம் நடந்தது. குழு காஞ்சிப் பக்கத்தது. கர்ணனாக ஆடியவர் பகலில் உந்துவண்டி ஆலை ஒன்றில் பணிபுரியும் இளைஞர். நள்ளிரவு கடந்தபின் மின்சாரம் நின்றது. விளக்குகளும் ஒலிபெருக்கியும் ஒருசேர அணைந்தன. இளைஞர் அடியின் நடுவில் நிறுத்திவிட்டார். இருளில் ஒரு நொடி அமைதி. பின்பாட்டு விசிப்பலகையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், நின்ற அடியை அங்கேயே பிடித்து, எழுந்து நின்று பாடினார். முகவீணை உடன் ஏறிற்று. ஊரார் கைப்பேசி விளக்குகளை உயர்த்தினர். முதியவர் மூன்று முறை திருப்பிப் பாடும்வரை இளைஞர் வாளா நின்றார். நான்காம் முறை தாமே அடியெடுத்தார். குரல் முதலிற் சிறுத்திருந்தது. பின் சற்றே உயர்ந்தது. பின்வரிசையில் இருந்தோர் தம் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னே வந்து அமர்ந்தனர். அவர் ஒலிவாங்கியின் அடியை விட்டு அகன்று, களரியின் நான்கு மூலைகளுக்கும் சென்று ஆடினார். அரைமணி நேரம் சென்றபின் மின்சாரம் வந்தது. இயந்திரக்காரர் ஒலிபெருக்கியை முடுக்கினார். இளைஞர் பழைய இடத்திற்குத் திரும்பினார். முதியவர் அமர்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார்.